ஒரே நேரத்துக்கு இரண்டு படங்கள்

பதிவு தொடங்கும்போது அறையில் நால்வர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், சுழல் கதிரையில், இறால் பண்ணையின் முகாமையாளர் றிம்ஸான். மேசைக்கு இப்பால், கமெராவுக்கு முதுகைக் காட்டியபடி, சிலாபத்திலிருந்து இறால் வாங்க வந்த அமல்ராஜ். யன்னலோரத்து வாங்கில், காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, குளங்களுக்குப் பொறுப்பான இன்னாசிப்பிள்ளை. கதவடியில், நீலப் பிளாஸ்டிக் கதிரையில், காவலாளி முத்தலிபு.

றைஸா இதைக் கடிதத்தின் முதற் பந்தியாகத் தட்டச்சு செய்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். முத்தலிபு தன் தம்பி என்பதை எழுத வேண்டுமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். கடிதம் கடையின் பெயரில்தான் போகிறது. கையொப்பமிடப் போகிறவர் கடைக்காரர் சாஹுல் ஹமீது.

புத்தளத்தில் அந்தக் கடைக்குக் கலியாண வீடியோதான் தொழில். றைஸா அங்கே படம் வெட்டி ஒட்டுகிறவள். நீதிமன்றப் பதிவாளருக்குக் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. ஆனாலும் அவளுக்கு எதையும் வரிசையாகச் செய்துதான் பழக்கம். நடந்ததை ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதி, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தாள்.

ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதி. முந்தலுக்கு அப்பால், களப்போரத்துப் பண்ணை. பிற்பகல் 2.29க்கு இன்னாசிப்பிள்ளை எழுந்து குளங்களைப் பார்க்க வெளியே போகிறார். 2.30க்கு றிம்ஸானும் அமல்ராஜும் குளிர் அறைக்குப் போகிறார்கள். முத்தலிபு மட்டும் கதிரையில். 2.31ஐத் தாண்டி எட்டாவது செக்கனில் படம் குதிக்கிறது. குதித்து விழுகிற இடம் 2.42. அப்போதும் முத்தலிபு அதே கதிரையில். மூன்று மணிக்கு இன்னாசிப்பிள்ளையை நான்காம் குளத்தில் இறந்து குப்புறக் கிடக்கக் கண்டெடுத்தார்கள்.

அதற்கு முந்திய கிழமை, வேலை நேரத்தில் தூங்கினான் என்று எல்லோர் முன்னாலும் இன்னாசிப்பிள்ளை முத்தலிபுவின் கன்னத்தில் அறைந்திருந்தார். "ஒருநாளைக்கு உங்கள இந்தத் தண்ணிக்குள்ளயே அமுக்குறன் பாருங்க" என்று முத்தலிபு சொன்னதைக் கேட்டவர்கள் ஒன்பது பேர். பதினொரு நிமிடம் போதும், நான்காம் குளத்துக்குப் போய் வர. அவன் இருபத்து மூன்று நாளாக விளக்கமறியலில் இருந்தான்.

"நான் கதிரைய விட்டு எழும்பவே இல்ல ராத்தா" என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் நம்பினாள்.

எங்கும் ஓடக்கூடிய சாதாரண வடிவத்துக்குப் பதிவை மாற்றி, எப்படி மாற்றியது, அதில் யார் யார், எங்கெங்கே இருந்தார்கள், எதையாவது கூட்டியதோ குறைத்ததோ உண்டா என்று ஒரு கடிதமும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பும்படி நீதிமன்றம் கேட்டிருந்தது. திங்கட்கிழமை வழக்கு. இன்று வெள்ளி. தபாலகத்தில் நான்கு மணிக்குப் பிறகு பதிவுத் தபால் எடுக்கமாட்டார்கள்.

பகல் பதினொன்றரைக்கு அவள் பதிவில் உள்ள படங்களை எண்ணும்படி, திரையில் கறுப்புப் பெட்டியாகத் திறக்கும் கட்டளைச் சாளரத்தில் கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். ஒரு செக்கனுக்கு இருபத்தைந்து படம். பதினொரு நிமிடத்துக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு. யாராவது அழித்திருந்தால் அந்த இடத்தில் பூச்சியம் வரவேண்டும். பிளேயர்தான் தாண்டிப் போகிறதென்றால் பதினாறாயிரத்து ஐந்நூறு வரவேண்டும்.

முப்பத்து மூவாயிரம் வந்தது.

"என்ன புள்ள, கறுப்புப் பெட்டியத் திறந்து வச்சி ஓதிப் பார்க்கிறியா?" சாஹுல் ஹமீது ஜும்ஆத் தொழுகைக்குப் போகக் கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிக்கொண்டே வந்தார்.

"நாநா, படம் கூடவா இரிக்கு."

"கூட இருந்தா நல்லந்தானே. குறைஞ்சாத்தான் மாப்பிள்ள வீட்டுக்காரன் சண்டைக்கு வாரான்."

"சரியா ரெண்டு மடங்கு. ஒரே நேரத்துக்கு ரெண்டு ரெண்டு படம்."

"ரெண்டு கமெராவா?"

"ஒண்டுதான். பிளேயருக்கு எதக் காட்டுற எண்டு விளங்காமத்தான் தாண்டிப் போகுது போல."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் ஒரே எச்சரிக்கை ஆயிரக்கணக்கான தடவை கீழிறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் இரண்டு நேரம் எழுதியிருக்கும். சுருக்கிக் கட்டிய பொதியைப் பிரித்துப் படமாக்க வேண்டிய நேரம் ஒன்று, கண்ணுக்குக் காட்ட வேண்டிய நேரம் ஒன்று. முன்கூட்டிப் பிரித்து வைத்துவிட்டுப் பிறகு காட்டலாம். பிரிக்காததைக் காட்ட முடியாது. இரட்டையாக வந்தவற்றில் இரண்டாவது தொகுதிப் படங்களில் அது தலைகீழாக இருக்கிறது என்றுதான் அந்த எச்சரிக்கை சொன்னது.

"சஹன் தட்டில சோத்த வச்சிட்டு, பிறகு அடுப்பில சட்டிய ஏத்தின கத" என்று அவர் சிரித்தார். "பண்ணையில படம் பதியிற பெட்டிக்கு மணிக்கூடு பழுது புள்ள. நம்மட வேலையில ரெண்டு இருந்தா ஒண்டத் தூக்கி எறியிறதானே? நல்லத வச்சிக்க. வந்து கையெழுத்து வைக்கிறன்."

அவர் இரும்புக் கதவைப் பாதிவரை இழுத்து இறக்கிவிட்டுப் போனார். தெருவில் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கச்சான் காற்று களப்புப் பக்கமிருந்து உப்பையும் பக்கத்துக் கடைக் கருவாட்டு வாடையையும் தூக்கி வந்து, கதவின் கீழாகத் தரையோடு தரையாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. தூரத்துப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் பயான் உரை ஒரு சொல் கேட்டு ஒரு சொல் கேட்காமல் வந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு தடவை முனகியது. வெளியே கண் கூசுகிற வெயில். ஆனால் மேசை வரைக்கும் அது வரவில்லை.

அவள் இரண்டு தொகுதிகளையும் தனித்தனியாகப் பிரித்தாள்.

முதலாவதைத் திறந்தாள். 2.31. முத்தலிபு கதிரையிலிருந்து எழுகிறான். கதவைத் திறக்கிறான். போகிறான்.

பதினொரு நிமிடம். கதிரை வெறுமையாக இருந்தது. சுவரில் நாட்காட்டித் தாள் மின்விசிறிக் காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. கடைசியில் கதவு திறந்து, தம்பி உள்ளே வந்து, வேறு ஒரு காய்ந்த சீருடைச் சட்டையை இழுத்துப் போட்டபடி உட்கார்ந்தான்.

அவள் படத்தை நிறுத்தினாள். உம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெளிக்கிட்டபோது, கைப்பிடித்து நடந்த றைஸாவை விட்டால், உம்மாவிடம் இருந்தது ஒரு துணிப்பையும் வயிற்றில் முத்தலிபுவும்தான் என்று வீட்டில் அடிக்கடி கதைத்துக்கொள்வார்கள். பையைக்கூட வழியில் தொலைத்துவிட்டாள்.

இரண்டாவது தொகுதியைத் திறந்தாள்.

அதே அறை. அதே நேரம். கதிரையில் அவன் இருந்தான். எழவில்லை. வேகமாக ஓட்டிப் பார்த்தாள். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் தொடையில் வைத்து, பதினொரு நிமிடமும் அப்படியே இருந்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னாள். மூச்சு வந்தது. முதலாவது தொகுதிதான் ஏதோ பழுது, வேறு ஒரு நாளின் படம் வந்து கலந்திருக்கும் என்று தனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டாள். கடிதத்துக்கு ஆதாரம் வேண்டுமே. அதனால் இரண்டாவது தொகுதியின் நேரங்களைத் தாளில் குறிக்கத் தொடங்கினாள்.

காட்ட வேண்டிய நேரம்: ஓகஸ்ட் 31, 14.31.08.

பிரிக்க வேண்டிய நேரம்: செப்டெம்பர் 23, 12.52.40.

அவள் பேனாவை வைத்தாள். செப்டெம்பர் இருபத்து மூன்று இன்றுதான். சுவர் மணிக்கூட்டில் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு என்பது அவள் அந்தத் தொகுதியைத் திறந்த நேரம்.

பதிவுப் பெட்டியின் மணிக்கூடு பழுது. நாநா சொன்னார்தானே. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். தாளில் குறித்த எண் இப்போது இல்லை. 12.56.15 என்று இருந்தது. கணினியின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த நேரமும் 12.56.

அவள் திறக்கும்போதுதான் அந்தப் படங்கள் உண்டாகின்றன.

பள்ளிவாசலில் தொழுகை தொடங்க இகாமத் சொன்னார்கள். பிறகு ஒலிபெருக்கியும் நின்றது. றைஸா கதிரையைப் பின்னால் தள்ளி எழப் பார்த்தாள். எழுந்து என்ன செய்வது? நான்கு மணிக்குள் தபால். மறுபடி உட்கார்ந்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. நாட்காட்டித் தாள் எழுந்து விழுந்தது. மேசையில் கிடந்த கடதாசியின் விளிம்பு துடித்தது. கதிரையில் இருந்தவனுடைய சட்டைக் கொலர் அசையவில்லை. தலைமயிர் அசையவில்லை. காற்று அவனிடம் மட்டும் போகாததுபோல.

தோள்களைப் பார்த்தாள்.

ஏழு வயதில் தென்னையிலிருந்து விழுந்த நாள் முதல் முத்தலிபுவின் இடத் தோள் வலத் தோளைவிட இரண்டு விரல் இறங்கித்தான் இருக்கும். தையற்காரர் சட்டை தைக்கும்போது அந்தப் பக்கம் பஞ்சு வைத்துத் தைப்பார். கதிரையில் இருந்தவனுக்கு இரண்டு தோளும் மட்டக்கோல் வைத்ததுபோல நேராக இருந்தன.

அவளுக்குக் கலியாண வீடியோவில் ஒரு கைப்பழக்கம் உண்டு. வெளிச்சத்தில் வெளிறிப்போன இடத்தைக் கண்டால் யோசிக்காமலே கை போய் அதைச் சரி செய்யும். கதிரையைப் பார்க்க மனமில்லாமல் அவள் யன்னலைப் பார்த்தாள். வெயிலில் வெறும் வெள்ளைச் சதுரம். கை தானாகவே வெளிச்சத்தைக் குறைத்தது. வெள்ளை சாம்பலானது. சாம்பலுக்குள் கோடுகள் வந்தன. குளத்துக் கட்டு. தண்ணீருக்குள் காற்றை அடிக்கிற சக்கரம், சுற்றிச் சுற்றி நுரை எழுப்பிக்கொண்டு. அதற்கு இப்பால், இடுப்பளவு தண்ணீரில், ஒருவன்.

இரண்டு கையையும் நேராகக் கீழே ஊன்றி நின்றான். தண்ணீர் அவனைச் சுற்றி மட்டும் கொதித்தது.

இடத் தோள் இறங்கியிருந்தது.

வெகுநேரம் நின்றான். கொதிப்பு அடங்கியது. அதற்குப் பிறகும் நின்றான்.

அதே நேரத்தில், அதே படத்தில், கதவடியில், நீலக் கதிரையில், முத்தலிபு.

அவள் மூடினாள். ஏன் மறுபடி திறந்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. 13.20.02. குனிந்திருந்த தலை இப்போது நிமிர்ந்திருந்தது. மூடினாள். திறந்தாள். 13.21.30. முகம் கமெராவின் பக்கம் திரும்பியிருந்தது. தம்பியின் முகம்தான். மூக்கு, மீசை, புருவத்துத் தழும்பு, எல்லாம் இருந்தன. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கண் இமைக்கவில்லை. கமெராவைப் பார்க்கிற பார்வையும் இல்லை அது. கமெராவுக்குப் பின்னால், திரைக்கு இப்பால், மேசைக்கு முன்னால் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பார்க்கிற பார்வை.

தொலைபேசி அடித்தது. அவள் துள்ளிவிட்டாள்.

"மகள், அனுப்பிட்டியா?" உம்மா.

"இல்லம்மா. இன்னும் கொஞ்சம்."

"லோயர்ட பொடியன் கோல் எடுத்தாரு. அந்தப் படத்தில தம்பி இரிந்தாண்டா திங்கக்கெழமையே விடுவாங்களாம். இரிக்கானா?"

றைஸா திரையைப் பார்த்தாள்.

"கதிரையில இரிக்கானா மகள்?"

"ஓம் உம்மா" என்றாள். "இரிக்கான்."

உம்மா அழுதாள். அழுதுகொண்டே, "அவனுக்குப் புது சாரன் ஒண்டு எடுத்து வச்சிரிக்கன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மாற்றப்பட்ட கோப்பில் ஒரு நேரத்துக்கு ஒரு படம்தான் இருக்கலாம். அது அந்த வடிவத்தின் சட்டம். இரண்டு வந்தால் ஒன்றை எறிய வேண்டும். எதை வைப்பது என்று கறுப்புப் பெட்டி கேட்டது. கட்டளைக் கோடு மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது.

அவள் இன்னாசிப்பிள்ளையை ஒருமுறை தலவில தேவாலயப் பெருநாளில் கண்டிருக்கிறாள். மனைவி றோசாவுடன், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஐஸ் பழம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இப்போது நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். யன்னலை முன்னரைவிட வெள்ளையாக்கினாள். பேப்பர்போல வெள்ளை. பிறகு இரண்டாவது தொகுதிக்கு எதிரே 'வை' என்று அடித்தாள். முதலாவதற்கு எதிரே 'எறி'.

பதினாறாயிரத்து ஐந்நூறு படங்கள் போக நாற்பது செக்கன்கூட ஆகவில்லை.

கடிதத்தை முடித்தாள். "2.31 முதல் 2.42 வரை நேர முத்திரைகள் இரட்டித்திருந்தமையால் பிளேயர்கள் அப்பகுதியைக் காட்டவில்லை. பழுதான முத்திரைகளை நீக்கி, சரியானவற்றை வரிசைப்படுத்தியுள்ளோம். எதுவும் கூட்டப்படவில்லை. அப்பதினொரு நிமிடமும் கதவடியிலுள்ள நீலக் கதிரையில் இருப்பவர் முத்தலிபு. அவர் எழவில்லை. இவரே முத்தலிபு என்பதை உறுதிப்படுத்துகிறோம்." கடைசி வசனம் தேவையில்லை என்று பட்டது. ஆனால் ஏற்கனவே எழுதியாயிற்று, அழிக்கக் கை வரவில்லை.

இரண்டரைக்குச் சாஹுல் ஹமீது வந்து, நின்றபடியே படத்தைப் பார்த்தார். "என்னா தெளிவு! கலியாணத்துக்குப் போஸ் குடுத்த மாதிரியெல்லே இரிக்கான்." பிறகு இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார். "மெலிஞ்சிட்டான் போல, என்ன?"

"ஓம் நாநா."

"ஏதோ ஒரு மாதிரி இரிக்கு. சரி, போ. நேரம் போகுது." அவர் கையொப்பமிட்டு, கடை முத்திரையைக் குத்தினார். மறுபடி திரையைப் பார்க்கவில்லை.

தபாலகத்தில் வரிசை இல்லை. மூன்று நாற்பது. றைஸா இறுவட்டையும் கடிதத்தையும் தடித்த உறைக்குள் வைத்தாள். மேசையில் கட்டி வைத்திருந்த பசைக் குப்பியைத் திறந்து உறை மூடியின் ஓரமெல்லாம் தடவி, உள்ளங்கையால் அழுத்தினாள். ஓரங்களில் ஒட்டுநாடா. விலாசத்தை மூன்று தரம் சரிபார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண் உறையை நிறுத்துப் பார்த்து, இலக்கச் சீட்டை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள். பற்றுச்சீட்டை நீட்டினாள்.

அப்போதுதான் கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது.

"மகள்!" உம்மாவின் குரலில் இத்தனை நாளாக இல்லாத சிரிப்பு. "லோயர்ட பொடியனுக்குப் பைத்தியமா? தம்பிய ரிமாண்டில காணல்லையாம். பூட்டுப் பூட்டினபடி கெடக்காம், ஆளில்லையாம், எல்லாரும் தேடுறாங்களாம். நான் சொன்னன், என்ன வாப்பா கதைக்கிறீங்க, அவன் இங்கதானே இரிக்கான் எண்டு."

"எங்க?"

"வாசலடியில. கதிரையில. நான் சமைக்கிற நேரம் சத்தமில்லாம வந்து இரிந்திரிக்கான். கேட்டா வாய் தொறக்கிறானில்ல. களைப்பு போல."

"உம்மா. வெளிய போங்க. பின்கதவால."

"என்னத்துக்கு? இந்தா, நீயே கதை. அவன்ட காதில வைக்கிறன்."

"வேணாம் உம்மா—"

சேலை உரசுகிற சத்தம். உம்மாவின் காலடி, நாலு, ஐந்து. நின்றது.

பண்ணைக் கமெராவில் ஒலி கிடையாது. பதிவில் இதுவரை அவள் ஒரு சத்தமும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். காதோடு ஒட்டி, மிகக் கிட்டத்தில், தண்ணீரை அடிக்கிற சக்கரம். அடித்து, இறைத்து, மறுபடி அடித்து. அதற்குக் கீழே தண்ணீருக்குள்ளிருந்து கையும் காலும் எத்துகிற சத்தம். அதற்கும் கீழே, வாய் நிறைய நீரோடு, ஒருவன். தம்பியின் குரல்.

"ராத்தா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் உறையைச் சாக்குக்குள் போட்டாள். சாக்கின் வாயைக் கயிற்றால் சுருக்கி, முடிச்சுப் போட்டு, ஈய முத்திரையை அழுத்தினாள். பின்வாசலில் தபால் வண்டி இயந்திரத்தை நிறுத்தாமலே காத்து நின்றது. சாக்கைத் தூக்கி உள்ளே எறிந்தார்கள். வண்டி சிலாபம் வீதிக்குத் திரும்பியது.

தொலைபேசிக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.